அரை இஞ்ச் மாஸ்டர்

இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டதும் மாஸ்டர் அளவைப் பார்க்க மாட்டார். மேலே கூரையைப் பார்ப்பார். டேப் பட்டவுடன் யாராக இருந்தாலும் வயிற்றை உள்ளே எக்கிக்கொள்வார்கள். "மூச்சை விடுங்க" என்று சொன்னால் இன்னும் எக்குவார்கள். அதனால் கூரையைப் பார்த்தபடியே ஏதாவது ஒரு கதையை எடுத்து விடுவார். "நேத்து ஒருத்தர் சார், பேண்ட்டைச் சின்னதாக்கிட்டேன்னு என்கிட்ட ஒரே சண்டை. விரிச்சுப் பார்த்தா அவர் பையனோட பேண்ட்டு." வந்தவர் சிரிப்பார். சிரித்தால் வயிறு தன் இடத்துக்குத் தானே வந்துவிடும். அந்த நொடியில் மாஸ்டரின் கண் டேப்பில் இருக்கும். காதில் செருகிய பென்சிலை எடுத்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு, வாயால், "அரை இஞ்ச்தான் சார் கூடியிருக்கு. இதெல்லாம் ஒரு கணக்கா?" என்பார்.

அரை இஞ்ச் மாஸ்டர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவருடைய கடை. ஒரு மெஷின், துணி வெட்டும் பலகை, ஆளுயரக் கண்ணாடி, ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூல் பாதி எனக்குச் சொந்தம். என் வீடு முதல் மாடியில். முழங்கால் ஒரே மூச்சில் ஏற விடாது என்பதால் ஏறுவதற்கு முன் அங்கே கொஞ்சம் உட்காருவேன். கொஞ்சம் என்பது ஒரு மணி நேரம் ஆகும், அது வேறு விஷயம்.

அவர் புதுத்துணி தைப்பதில்லை. விடுவதும் பிடிப்பதும்தான் தொழில். இறுக்கினால் தையலைப் பிரித்து விடுவார். தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைப்பார். அந்தத் தொற்றுநோய் வருவதற்கு முன் நாளைக்கு நாலு உருப்படி வந்தாலே அதிகம். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு வெளியே வந்ததும் பாருங்கள், கடை வாசலில் வரிசை. அவரவர் பழைய துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, துணிதான் ஏதோ தப்புச் செய்த மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

வந்த நோய் ஒன்றுதான். இடுப்புக்கு இடுப்பு அது வேறு வேறு வேலை செய்திருந்தது. மூன்றாம் மாடி கம்ப்யூட்டர் தம்பி எட்டு மாதம் இடுப்புக்கு மேலே ஆபீஸ், கீழே அரைக்கால் டிராயர் என்று காலம் தள்ளியவர். சட்டை சரியாக இருந்தது. பேண்ட் தொடையைத் தாண்டவில்லை. இரண்டாம் மாடி பேங்க் மேனேஜர் நேர்மாறு. உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பி வீட்டுக்குள்ளேயே ஓடினார். அவர் வீட்டுத் தரை என் வீட்டுக் கூரை. அவர் ஆறு கிலோ இளைத்தார், நான் என் காலைத் தூக்கத்தை இழந்தேன். ஊருக்கெல்லாம் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்த சைக்கிள்காரர் பகல் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிட்டு, பெல்ட்டில் ஆணியால் நாலு புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

எல்லோருக்கும் அரை இஞ்ச்தான். ஒருநாள் மாஸ்டர் நூல் மாற்றிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் தம்பி அந்த நோட்டைப் புரட்டிவிட்டார்.

"மாஸ்டர்! அரை இஞ்ச்னீங்க. இதுல முப்பத்திநாலை அடிச்சு முப்பத்தெட்டுன்னு எழுதியிருக்கு!"

"உங்களுக்கு அரைதான் சார். மீதி துணியோடது."

"துணியோடதா?"

"எட்டு மாசம் அலமாரிக்குள்ள காத்து வெளிச்சம் இல்லாம அடைச்சு வச்சா அதுவும் ஒடுங்காதா? மனுசனுக்கு ஒரு நியாயம், பேண்ட்டுக்கு ஒரு நியாயமா?"

தம்பி சிரித்துவிட்டார். நோட்டில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது; எழுத்து எனக்கு வராது. ஆனால் விரற்கடை தெரியும். என் ரவிக்கைக்கும் அரை இஞ்ச்தான் என்றார். பிரித்த இடத்தில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. இருந்தாலும் அது அரை இஞ்ச்தான். இதில் நான் யார் சொல்லையும் கேட்பதாக இல்லை.

ஒரே ஒரு ஆளுக்கு மாஸ்டர் கதை சொல்லவில்லை. அவளை எல்லோரும் அஞ்சு வீட்டக்கா என்பார்கள். ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து வந்தவள். நோய்க்குப் பயந்து ஐந்து கதவும் ஒரே வாரத்தில் சாத்தியாயிற்று. தன்னுடைய இரண்டு சட்டையைக் கொண்டுவந்து, "தோள்ல நிக்க மாட்டேங்குது மாஸ்டர், பிடிச்சுக் குடுங்க" என்றாள். டேப்பைப் போட்டார். அவள் எக்கவில்லை. எக்குவதற்கு அங்கே என்ன இருந்தது? மாஸ்டர் கூரையையும் பார்க்கவில்லை. "அரை இஞ்ச்தான்மா" என்றார் சின்னக் குரலில். அரை இஞ்சுக்கு நகக்கண் அளவு மடித்தால் போதும். பக்கத்துக்கு ஒன்றரை விரல் மடித்தார். வழக்கமாக மிச்சத் துணியைக் கத்தரித்துப் போடுகிறவர், கத்தரிக்கோலைத் தள்ளி வைத்தார்.

"வெட்டலைம்மா. துணி உள்ளயே இருக்கு. வேணுங்கிறப்ப விட்டுக்கலாம்."

இனி மாஸ்டரின் சொந்த இடுப்புக்கு வருகிறேன். கடை பூட்டியிருந்த மாதங்களில் அவர் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வெட்டுத்துணியில் முகக்கவசம் தைத்தார். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. பஸ் இல்லை, போக ஒரு மணி, வர ஒரு மணி, நடைதான். அவள் இறுகிக் கயிறாகிவிட்டாள். இவர் உருண்டையாகிவிட்டார். காரணம் எனக்கு ஒருநாள் தெரிந்தது. எல்லார் வீட்டிலும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் நூலும் ஊசியும் இருக்கும். பித்தான் தைக்கக் கறுப்பு நூல் வேண்டுமென்று நான் அவர் நூல் டப்பாவைத் திறந்தேன், உள்ளே பிஸ்கட்.

"பாட்டிம்மா, வீட்ல சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. சாட்சியின் வாயை அடைக்க வேண்டாமா? இரண்டு எடுத்துக்கொண்டேன்.

வயிறு சும்மா பெருக்கவில்லை. சர்க்கரையையும் கூட்டி வந்தது. டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். இடுப்பு குறைந்து சர்க்கரை இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தினமும் ஊசி. வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் பெரிதில்லை. மாஸ்டர் ஊசியோடு பிழைக்கிறவர். ஊசியைக் கண்டால் விழுந்துவிடுகிறவர். தடுப்பூசி போடப் போன கதை கட்டடம் முழுக்கத் தெரியும். "ஊசி உடம்புல படவே இல்லை பாட்டி. அந்தப் பொண்ணு மூடியைத்தான் திறந்துச்சு. இவர் கீழே கிடக்கிறார்" என்று மனைவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அது வேற ஊசி பாட்டிம்மா. அதுக்குக் காது கிடையாது. காது இல்லாத ஊசியை நம்பவே கூடாது" என்றார் மாஸ்டர்.

பயம் இருந்தால் நடக்க வேண்டுமே! தினம் சாயங்காலம் கையை வீசிக்கொண்டு கிளம்புவார். டீக்கடைவரை போய்க் கையை வீசிக்கொண்டே திரும்புவார். திங்கள்கிழமை தோறும் கண்ணாடி முன் நின்று, முகம் சிவக்க வயிற்றை எக்கி, தன்னைத் தானே அளப்பார். சாயங்காலம் மனைவி வந்ததும், "அரை இஞ்ச் குறைஞ்சிருக்கு" என்று அறிவிப்பு. அவள் அவர் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடியிலிருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஏறிப் போவாள்.

தவணை முடிந்து டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மத்தியானம். நான் ஸ்டூலில் இருந்தேன். அஞ்சு வீட்டக்கா அதே இரண்டு சட்டையோடு வந்தாள்.

"மாஸ்டர், இதைக் கொஞ்சம் விடுங்க. அக்குள்ல பிடிக்குது."

"எத்தனை வீடு திறந்துச்சு?"

"நாலு. அஞ்சாவது வீட்டம்மா இனிமே தானே தேய்ச்சுக்கிறாங்களாம். பழகிடுச்சாம்."

டேப்பைப் போட்டார். அவள் வெடுக்கென்று வயிற்றை எக்கினாள். மாஸ்டரின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்! உடனே கூரையைப் பார்த்து, பையன் பேண்ட்டோடு வந்தவர் கதையை ஆரம்பித்தார். அவள் சிரித்தாள். அவர் டேப்பைப் பார்த்தார்.

"நாலு இஞ்ச்!"

"அரை இல்லையா மாஸ்டர்?"

"நாலும்மா. முழுசா நாலு!" பிரசவ அறைக்கு வெளியே வந்து குழந்தை பிறந்ததைச் சொல்கிறவர் மாதிரி சத்தமாகச் சொன்னார்.

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்திருந்தது போல. எப்போது வந்தாள் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"அவங்களுக்கு நாலு. சரி, உங்களுக்கு?"

"எனக்கென்ன? போன திங்கக்கிழமைதானே சொன்னேன், அரை…"

அவள் உள்ளே வந்து அவர் கையிலிருந்த டேப்பை உருவி அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டாள். மாஸ்டர் எக்கினார். பலூன் மாதிரி கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. எவ்வளவு நேரம் ஒருவர் அப்படி நிற்க முடியும் என்று நான் எண்ண ஆரம்பித்தேன். அவளோ டேப்பைப் பார்க்கவே இல்லை. மேலே கூரையைப் பார்த்தாள்.

"பாட்டி, இவர் வாராவாரம் குறைச்ச அரை இஞ்ச்சை எல்லாம் கூட்டிப் பாருங்க. இந்நேரம் நூலுக்குப் பதிலா இவரையே ஊசிக் காதுல கோத்துடலாம்."

அஞ்சு வீட்டக்கா களுக்கென்று சிரித்தாள். நான் சிரித்தேன், சொன்னவளும் சிரித்தாள். மாஸ்டர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், கண்ணை மூடிப் பார்த்தார், முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். வயிறு மொத்தமும் டேப்புக்குள் வந்து உட்கார்ந்தது. மனைவியின் கண் டேப்புக்கு இறங்கியது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அரை…" என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றை எக்காமல், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.