வெட்டின வலையும் வெறும் தேத்தண்ணியும்

நீரோட்டம் இழுத்தால் இரண்டு வீட்டு வலைகள் கடலுக்குள் சிக்குப்படும். இரண்டையும் சேர்த்தே கரைக்கு இழுத்துவந்து, இரண்டு வீட்டாரும் குந்தியிருந்து சிக்கெடுப்பதுதான் மயிலிட்டியில் எங்கள் வழக்கம். நாலு வீடு தள்ளி இருக்கிறவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. கத்தியை எடுத்து எங்கள் வலையை வெட்டிவிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொலிசில் முறைப்பாடு கொடுத்ததே நான்தான். மீன் ஏலம் கூறும் இடத்தில் எல்லோரும் என் பக்கம்.

"உவனை மறியலிலை போடோணும், அப்பதான் புத்தி வரும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

என் கணவர் மட்டும் வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். சிறைக்குப் போகிறவன் ஒருநாள் திரும்பி வருவான். இருவரும் போகிற கடல் ஒன்றுதான். அங்கே கைகலப்பு வந்தால் விலக்குப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

பொலிஸ் எங்களை, வழக்கில்லாமல் பேசித் தீர்த்துவைக்கிற இணக்கசபைக்கு அனுப்பியது. அவனே எங்கள் முற்றத்துக்கு வந்து வெட்டின வலை முழுவதையும் பின்னிப் பொத்திக் கொடுக்க வேண்டும் என்று அங்கே பேசி முடித்தார்கள். அவனும் ஓமென்றான், என் கணவரும் ஓமென்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

வலையின் ஒரு தலைப்பில் அவன், மறு தலைப்பில் என் கணவர். முற்றத்தில் வேலை செய்கிறவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட முடியுமா? கொடுத்தேன். இனிப்புக்குக் கடிக்கப் பனங்கட்டி மட்டும் வைக்கவில்லை. வெறும் தேயிலைச் சாயத்தைக் குடிக்கட்டும்!

"அக்கா, மறியலெண்டால் உங்கடை முகத்தைப் பாக்கத் தேவையில்லை" என்றான் ஒருநாள்.

"பார், வடிவாப் பார்" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "உதெல்லாம் ஒரு தண்டனையோ?"

"நீ வந்து உவன்ரை இடத்திலை இருந்து பார், தெரியும்."

வலை பொத்தி முடிந்தது. என் பயம் முடியவில்லை.

காற்று மாறின பிறகு ஒரு காலையில் இரண்டு படகுகளும் ஒன்றாகக் கரைக்கு வந்தன. நடுவில் வலைகள் சிக்குப்பட்டுக் கிடந்தன. அவன்தான் முதலில் குதித்தான். கையில் கத்தி இல்லை.

"அண்ணை, நீங்கள் அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ."

"ஓம், இரு. அவசரமில்லை, ஆறுதலா எடுப்பம்" என்றார் என் கணவர்.

இருவரும் மணலில் குந்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். பனங்கட்டி இரண்டு துண்டு எடுத்தேன்.