பெக்காஸ் அஸ்கார்

என்னைப் பிடிக்க ஒரு முன்னாள் ராணுவ வீரன் நான் குடியிருக்கும் கிள்ளானுக்கே வந்துவிட்டான் என்று ஒரு மாலை முழுக்க நம்பினேன். வயது முப்பத்தைந்து. சிரிக்க வேண்டாம், அந்த வேலையை என் மனைவி அன்றே முடித்துவிட்டாள்.

எல்லாம் பிரிக்பீல்ட்ஸ் பழைய புத்தகக் கடையால் வந்தது. வேலை முடிந்து ரயிலுக்குப் போகும் வழியில் மழைக்கு ஒதுங்கினேன். ஓர் ஆங்கில மர்ம நாவல் மாட்டியது. பட்டாளத்தை விட்டு வந்த ஒருவன். வீடு கிடையாது, மூட்டை கிடையாது. ஏதோ ஓர் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குவான், காப்பி குடிப்பான். அன்றிலிருந்து அந்த ஊர் ரௌடிகளுக்கு ஏழரைச் சனி. காரியம் முடிந்ததும் நன்றிகூட வாங்காமல் அடுத்த பஸ். எழுதியவர் பலே கைகாரர். அடிதடியைவிட அதற்கு முந்தின அமைதியைத்தான் அப்படி எழுதுவார். ஒரு கதவு கிரீச்சிட நான்கு பக்கம். நமக்கு மூச்சே வராது. அதே ஆள் வரும் நாவல்கள் இன்னும் ஓர் அடுக்கு இருந்தன. விடுவேனா? படித்துக்கொண்டே இறங்க மறந்து போர்ட் கிள்ளான் வரை போய்த் திரும்பியதுண்டு. ரொட்டி சானாய் கடையில் அவனைப் போலவே வாசலைப் பார்த்து, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தேன். சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

மனைவி தமிழ்நாட்டிலிருந்து வந்து சில மாதங்கள்தான். "யாருங்க இவன்?" என்று அட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"பெக்காஸ் அஸ்கார். மலாய்ல அஸ்கார்னா பட்டாளத்துக்காரன், பெக்காஸ்னா மாஜி" என்று பாடம் நடத்தினேன்.

அந்த வாரம்தான் ஷா ஆலம் சாலையில் வழிவிடாத ராணுவ லோரி ஒன்றுக்கு மோட்டார் சைக்கிளில் இருந்தபடி ஹார்ன் அடித்து, கையையும் ஆட்டிக் கத்தியிருந்தேன். மறுநாள் வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்:

"என்னங்க, உங்க புத்தகத்து ஆளு வந்தாரு. மலாய்க்காரர். கதவு ஒசரம், ஒட்ட வெட்டின முடி. என்னமோ சொன்னாரு, பெக்காஸ்ங்கறது மட்டும் புரிஞ்சுது. திரும்பி வரேன்னு கைகாட்டிட்டுப் போனாரு."

"அஸ்கார்னு சொன்னாரா?"

"அதத்தான் பாத்தாலே தெரியுதே!"

லோரிக்காரர்கள் அனுப்பிய ஆள், என் வண்டி நம்பரை வைத்துப் பிடித்துவிட்டான்! என் நாயகன் செய்வதுபோல, எதிரி வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று கதவுக்குப் பின்னால் அலுமினிய வாளியை வைத்தேன். கையில் சப்பாத்திக் கட்டை. கதவு தட்டப்பட்டதும் வாளியில் இடறி விழுந்தது நான்தான்.

மனைவி கதவைத் திறந்தாள்.

"மன்னிச்சிடுங்க, பாங்! அந்த லோரி விஷயம்..." என்று தரையிலிருந்தே மலாயில் அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினேன்.

"லோரியா? லோரி நாளைக்குத்தான்" என்றார் அவர், குழம்பிப்போய்.

நாளைக்கு ஒரு லோரி நிறைய ஆட்கள் வருகிறார்களா!

விசாரித்ததில், அவர் பஸ் டிரைவர். எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் குடியிருக்கும் மலாய் அம்மாவின் தம்பி. அந்த அம்மா ஜெஞ்சாரோமுக்கு வீடு மாறுகிறார். சாமான் ஏற்ற லோரி நாளைக்கு. மலாயில் பெக்காஸ் என்றால் டப்பாவும்தான். பெருநாளுக்கு எங்களுக்கு ரெண்டாங் கறி அனுப்பிய டப்பாவைக் கேட்டு வந்திருந்தார். மனைவி அதில் முறுக்கு நிரப்பிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனார்.