தோற்கப் போன துலோ

திருவிழாச் சந்தையில் வண்ணக்கட்டை ஆட்டம் நடக்கும் பலகைமுன் துலோ வந்து நின்றதும், ஏற்கெனவே காசு வைத்திருந்தவர்கள் சட்டென்று கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டார்கள். வந்தவனுக்கு மரியாதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆறு நிறங்களில் அவன் எதில் வைக்கிறான் என்று பார்த்துவிட்டு, அதை விட்டு மற்ற ஐந்தில் வைக்கத்தான் இந்த அவசரம்.

துலோ என்கிற தியோதுலோவுக்குப் பின்புறத்தில் ஒரு மச்சம் உண்டு என்பது அதிமோனன் ஊருக்கே தெரியும். பார்த்தது அவன் மனைவி மட்டும். மச்சம் என்றால் யோகம் என்று கொண்டாடுகிற ஊர்களும் உலகத்தில் இருக்கின்றனவாம். இங்கே, அந்த இடத்து மச்சம் என்றால் தரித்திரம். உடையவனும் தோற்பான், அவனை உரசி நிற்பவனும் தோற்பான். துலோ பிறந்த அன்றைக்குப் புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. வாலிபத்தில் தாய்மாமன் முதுகுக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்த்தான்; மாமன் செருப்பு வரைக்கும் தோற்றுவிட்டு வெறுங்காலோடு வீடு போனார். அதற்குப் பிறகு ஊருக்குச் சாட்சி எதற்கு?

ஆட்டக்காரர்களிடம் ஆளுக்கொரு உபாயம் இருக்கும். ரொம்ப நேரம் வராத நிறம் பழுத்திருக்கும், அதில் வை என்பான் ஒருவன். இப்போது வந்ததே மறுபடி வரும் என்பான் இன்னொருவன். சாய்பலகையின் மேல் கட்டைகளை அடுக்கும்போது எந்த முகம் மேலே இருக்கிறது என்று கண் வைப்பவன் உண்டு. இரண்டு நிறத்தில் பிரித்து வைத்துக் கொஞ்சமாகத் தோற்பதையே கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பவனும் உண்டு. கயிற்றை இழுத்தால் மூன்று கட்டைகளும் உருண்டு விழும், மேலே தெரிகிற நிறத்தில் வைத்தவன் ஜெயித்தான், அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் எல்லா உபாயத்துக்கும் மேலான உபாயம் துலோதான் என்று அதிமோனனில் முடிவு செய்துவிட்டார்கள். தேங்காய் உரிக்கப் போனவனைத் தோப்பிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்திய ஆட்களும் உண்டு.

அவனுக்கென்றும் ஓர் உபாயம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. மகள் பிறக்கும்போது கால் முதலில் வந்தது. மருத்துவச்சி முகத்தைப் பார்த்த துலோ, தன்னால்தான் இது என்று வீட்டை விட்டு ஓடினான். ஓடிய கால் இதே பலகைமுன் வந்து நின்றது. கையிலிருந்ததையெல்லாம் தோற்றுவிட்டுத் திரும்பினால், தாயும் பிள்ளையும் சுகம். ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தரித்திரம், அதை இங்கேயே கொட்டித் தீர்த்துவிட்டால் வீட்டுக்கு மிச்சமிருக்காது என்று அன்றைக்கே கணக்குப் போட்டான். மகன் கப்பல் வேலைக்குப் போன அன்றும் வந்து தோற்றான். மகன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான். முட்டாள் கணக்குதான். ஆனால் ஒரு தடவைகூடப் பொய்க்காத கணக்கை யார் வந்து திருத்துவது?

இன்றைக்கு அவன் மனைவி செண்டாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன். கழலை எலுமிச்சை அளவு வளரும்வரை துண்டைச் சுற்றி மறைத்துக்கொண்டு சந்தையில் அரிசிப் பணியாரம் விற்றவள். அவள் கூவினால் மீன்காரர்களே வாயை மூடிக்கொள்வார்கள். கத்தி கொஞ்சம் பிசகினால் குரல் போகும், இன்னும் பிசகினால் உயிரே போகும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன் என்று மனைவியை மைத்துனி லிகாயாவிடம் ஒப்படைத்துவிட்டு, மத்தியானமே துலோ இங்கே வந்துவிட்டான். அவன் போன் செண்டாவின் பையிலேயே இருந்தது.

"என்ன அண்ணே, வேட்டைக்கு வந்தாச்சா?" என்றான் வண்டி ஓட்டும் பாதோங். "சீக்கிரம் வையி. நாங்க பொழைக்கணும்ல."

துலோ மஞ்சளில் வைத்தான். ஆட்டம் நடத்தும் புரிங் அக்கா கயிற்றை இழுத்தாள். ஒரு கட்டை மஞ்சள் காட்டியது.

சிரித்தார்கள். துலோவும் சிரித்துப் பார்த்தான். இப்போது வந்தது உடனே வராது என்று மறுபடி மஞ்சளிலேயே வைத்தான். இரண்டு கட்டை மஞ்சள்.

"அக்கா, கட்டையை நல்லாக் கலைச்சுப் போடு" என்றான்.

"ஜெயிச்சவன் கலைக்கச் சொல்லி இப்பத்தான்யா பார்க்கிறேன்" என்றாள் புரிங். "மச்சம் உதிர்ந்து போச்சா ஒனக்கு?"

இடம் மாறி மூலையில் நின்றான். பச்சையில் வைத்தான், பச்சை வந்தது. நீலத்தில் வைத்தான், நீலம் வந்தது. ஊரார் ஜெயிக்கக் கண்டுபிடித்த உபாயங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கிப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. தரித்திரம் இங்கே செலவாகவில்லை. அப்படியானால் அது எங்கே போகிறது? கோவிலுக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரியில், வெள்ளைத் துணி மூடிய மேசையின்மேல், துண்டு நீக்கிய அந்தக் கழுத்துக்கா?

"அண்ணே கூடவே வைங்கடா" என்று பாதோங் கூட்டத்தைக் கூப்பிட்டான். "இன்னிக்குக் காத்து திரும்பிருச்சு."

"வேணாம்ப்பா. எங்கூட வைக்காதீங்க" என்றான் துலோ.

"எத்தனை வருஷம் உன்னால ஜெயிச்சோம். ஒரு நாள் உன்கூட ஜெயிச்சா என்ன?"

அவன் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட வராத இளஞ்சிவப்பில், முன்னாலிருந்த அத்தனையையும் தள்ளி வைத்தான். தாயே, தோற்க வை, இந்த ஒரு தடவை தோற்க வை என்று நெஞ்சுக்குள் மன்றாடினான். சுற்றி நின்ற கைகளெல்லாம் அதன்மேலேயே காசைக் கொட்டின. கயிறு இழுபட்டது. மூன்று கட்டைகளும் இளஞ்சிவப்பாக விழுந்தன.

கூட்டம் அவனைத் தூக்காத குறை. புரிங் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். துலோ பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். செண்டா போய்விட்டாள் என்றே நினைத்தான்.

அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு லிகாயா வந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"கோவில்ல போயி உங்களைத் தேடறேன் அத்தான். இதான் கோவிலா?"

"போயிட்டாளா?"

"யாரு போனா? உள்ளயே போகலை. ஆபரேஷன் ரூம் வாசல்ல தள்ளுவண்டியில படுத்துக்கிட்டு, நீங்க வராம உள்ள போக மாட்டேன்னு கம்பியைப் பிடிச்சிருக்கா. டாக்டர் கெஞ்சறாரு, நர்ஸ் திட்டுது. ஒண்ணும் நடக்கலை."

"நான் பக்கத்துல வரக் கூடாது லிகாயா. உனக்குத் தெரியாதா?"

"அதை நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க."

ஜெயித்ததை அவன் எடுக்கவில்லை. யாரோ கூப்பிட்டுச் சொன்னார்கள், காதில் விழவில்லை. பாதோங் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் துலோ வண்டியின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். இறங்கியபின்னும், ஆஸ்பத்திரி நடைபாதையின் இந்தக் கோடியிலேயே சுவரோடு ஒட்டி நின்றுவிட்டான்.

"கிட்ட வா" என்றாள் செண்டா படுத்தபடியே. சந்தையில் கூவுகிற குரலேதான். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"இங்கேயே நிக்கிறேன் செண்டா. வேணாம். இன்னிக்கு நான் தோக்கவே இல்லை. ஒரு தடவைகூடத் தோக்கலை."

"ஆட்டத்துக்கா போன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மகள் பொறந்த அன்னிக்கும் அங்கதான் போனேன். அதனாலதான் நீ பொழைச்ச."

செண்டா அவன் பக்கம் தலையைத் திருப்பினாள். "அன்னிக்கு நான் உன் பேரைச் சொல்லிக் கத்தினேன்" என்றாள். "நீ சாராயக் கடையில இருந்திருப்பேன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

துலோ சுவரை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தான்.

"கொரல் போனாலும் போகும்னு டாக்டர் சொன்னாருல்ல. அது இருக்கும்போதே உன்னை நல்லாத் திட்டிடணும்னுதான் கம்பியைப் பிடிச்சுக் காத்திருந்தேன். மணிக்கணக்கா யோசிச்சு வச்சிருந்தேன், ஒவ்வொண்ணா."

"திட்டு" என்றான் துலோ. மெல்ல நடந்து தள்ளுவண்டி அருகே வந்துவிட்டிருந்தான். "திட்டு செண்டா. கேட்டுக்கறேன்."

அவள் வாயைத் திறந்தாள். கம்பியை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு துலோ" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.