ஒன்றாம் எண் விளக்கு

எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பான வேலை, தை வெள்ளி விளக்குப் பூஜைக்குப் பெயர்ப் பட்டியல் எழுதுவது. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். டெல்லி கிட்வாய் நகரின் பழைய அரசுக் குவார்ட்டர்ஸ்கள் இன்னும் இடிபடாமல் இருந்த காலம். எங்கள் பக்கத்துப் பிள்ளையார் கோயில் கமிட்டிக்கு அப்பாதான் செயலாளர்.

நூற்றெட்டு விளக்குகள், நூற்றெட்டுப் பெண்கள். அவரவர் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்து எடுத்துக்கொண்டு, பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் சாக்ஸுமாக வருவார்கள். டெல்லிக் குளிரில் நெய் கல்லாக உறைந்துவிடும், திரி பற்றாது. அதற்கு வழி கண்டுபிடித்தவள் அப்பாவின் தங்கை, என் அத்தை. அடுத்த பிளாக்கில் இருந்தாள். நெய்யை உருக்கி, கொஞ்சம் நல்லெண்ணெய் கலந்து, தூக்குப் பாத்திரத்தில் ஊற்றித் துண்டு சுற்றிக் கொண்டுவருவாள். போற்றிகளை அவள் முதலில் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அதனால் ஒன்றாம் எண் விளக்கு எப்போதும் அவளுடையது.

பிறகு அத்தையின் கணவர் இறந்துபோனார். முதல் வருஷம் துக்கம் என்று அவளே வரவில்லை. வருஷத் திதி முடிந்தபின் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவிடம், "இந்தத் தைக்கு நான் உக்காரலாமோன்னோ?" என்று கேட்டாள். நோட்டீஸில் 'சுமங்கலிகள் அனைவரும் வருக' என்றுதான் அச்சடிப்பது வழக்கம். அப்பா, "கமிட்டியில வைக்கறேன்" என்றார்.

கமிட்டி எங்கள் கூடத்தில்தான் கூடியது. தலைவர் மத்திய அரசில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களும் ஏதாவது ஓர் அமைச்சகத்தில் ஃபைல் பார்த்தவர்கள்தாம். குருக்களையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. பேஷா உக்காரட்டும்," என்றார் குருக்கள். "ஆனா நான் சம்பளத்துக்கு இருக்கறவன். கமிட்டி சொல்லணும்."

"கமிட்டி எப்படி ஸ்வாமி சொல்லும்? சாஸ்திரம் உங்க டிபார்ட்மெண்ட்," என்றார் தலைவர். "நீங்க சொல்லுங்கோ, நாங்க கையெழுத்துப் போடறோம்."

"ஊர்ல பெரியவா யாரையாவது கேட்டு எழுதலாம்," என்றார் இன்னொருவர். எழுதுவது யார் என்பதை அவர் சொல்லவில்லை. கடைசியில் அப்பா, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே" என்றார்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அடுத்த வருஷம்னா அவ ஆத்துக்காரர் திரும்பி வந்துடுவாராமா?"

"அச்சா, டீ ஆறிடப் போறது" என்று தலைவர்தான் கோப்பையை எடுத்தார். அத்தை வரக் கூடாது என்று அன்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது நொய்டாவில் மென்பொருள் எழுதுகிறேன். யாரும் எதையும் மாற்றாவிட்டால் பழைய அமைப்பே ஓடிக்கொண்டிருக்கும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

அப்பா போன வருஷப் பட்டியலை என்னிடம் கொடுத்து, அப்படியே பார்த்து எழுதச் சொன்னார். அதில் ஒன்றாம் எண்ணுக்கு எதிரே பெயரே இல்லை. அத்தை வராத வருஷம் அந்த இடத்தை யாருக்கும் தராமல் விட்டிருந்தார்கள். எனக்கு அது ஒரு குறையாகப் பட்டது. பட்டியல் வெற்றிடத்தில் ஆரம்பிக்கலாமா? இரண்டாம் எண்ணில் இருந்த அம்மாவை ஒன்றுக்கு ஏற்றினேன். பின்னால் இருந்த எல்லோரையும் ஓர் எண் மேலே ஏற்றினேன். நூற்றெட்டில் மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த மாமியைச் சேர்த்தேன். அப்பா பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல் இருந்தார். பிறகு, "நீட்டா இருக்கு" என்று மட்டும் சொன்னார். என்னை யாரும் செய்யச் சொல்லாத காரியம் அது.

பூஜையன்று கோயில் கேட்டருகே எனக்கு ஒரு மேஜை போட்டார்கள். வருகிறவர்களின் பெயரைப் பார்த்து டிக் போட்டு, எண் எழுதிய அட்டையைக் கொடுக்க வேண்டும். நெய், திரி, பூ என்று வந்துசேர வேண்டிய பொருள்களுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. கேட்டுக்கு வெளியே பனிமூட்டத்தில் நாலடி தள்ளி வருபவர் முகம் தெரியாது. கிட்டத்தட்ட எல்லோரும் வந்துவிட்ட பிறகு அத்தை வந்தாள். அரக்குப் பட்டு, மேலே சாம்பல் நிற சால்வை. ஒரு கையில் துண்டு சுற்றிய தூக்கு, தோளில் ஒரு துணிப்பை.

"அத்தை, உன் பேர் லிஸ்ட்ல இல்லியே," என்றேன். நான் பொறுப்பாக இருக்கிறேன் என்று அவள் மெச்சுவாள் என எதிர்பார்த்தேன்.

அத்தை குனிந்து பட்டியலைப் பார்த்தாள். தமிழ் எழுதப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். பள்ளியில் எல்லாம் ஹிந்தியும் இங்கிலீஷும். விரலால் முதல் வரியைத் தொட்டாள்.

"ஒண்ணாம் நம்பர் உங்கம்மாவா?"

"ஆமா. காலியா இருந்தது, நான்தான் போட்டேன்."

"கையெழுத்து திருந்தியிருக்குடி," என்றாள். பிறகு, "உங்கம்மாக்குக் குரல் கம்மி. மைக்கைக் கிட்டக்க வைக்கச் சொல்லு. நெய் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். ஆறறதுக்குள்ள ஜல்தியா உள்ள எடுத்துண்டு போ" என்று தூக்கை மேஜைமேல் வைத்தாள்.

கேட்டை ஒட்டிய மண்டபத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில், அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பியதும் குனிந்து மைக் ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அன்று எல்லா விளக்குகளும் ஒரே தடவையில் பற்றிக்கொண்டன. அம்மா முதல் போற்றியிலேயே இரண்டு முறை நிறுத்தினாள். குளிரில் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷத் தைக்கு அதே கோயிலிலிருந்து வந்த நோட்டீஸில் 'பெண்கள் அனைவரும் வருக' என்று இருந்தது. எப்படி மாறியது என்று அப்பாவிடம் கேட்டேன். புதிதாக வந்திருக்கும் குருக்கள் ஒருநாள் மைக்கில் சொன்னாராம். யாரும் மறுப்புச் சொல்லவில்லையாம். "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான்," என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. புனேயில் மகனோடு இருக்கும் அத்தைக்குப் போன் செய்து சொன்னேன். "அச்சா! நல்ல காரியம்," என்றாள். "ஆனா இப்ப முட்டி மடங்க மாட்டேங்கறதேடி."

அந்தப் பூஜையன்று, நெய்யை வைத்துவிட்டு அத்தை கிளம்பியபோது, தோளில் இருந்த பை இரும்புக் கேட்டில் இடித்துக் கணீரென்று ஒரு சத்தம் வந்தது. அத்தை சட்டென்று பையைச் சால்வைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு பனிக்குள் நடந்தாள். நான் பொருள்களின் பட்டியலைத் திருப்பி, நெய் என்பதற்கு எதிரே டிக் போட்டேன். கேட்தான் சத்தம் போடுகிறது என்று நினைத்தேன். தேய்த்த பித்தளை இரும்பில் பட்டால் எப்படிக் கேட்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.