எங்கன இறுக்குது?

அரைஞாண் கயிற்றின் முடிச்சை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, ஸ்கேன் அறை வாசலில் அவர் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நின்றார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. மனைவியின் தோளில் பாதி உடம்பைச் சாய்த்திருந்தார். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுப்பது என் வேலை. அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம் என்பதால், உள்ளே போகிறவர் உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. சீவலப்பேரியிலிருந்து வந்திருந்த அந்த விவசாயக் கூலிக்காரரின் இடுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து கோத்திருந்தது. அதை மட்டும் தனியே கழற்ற வழியில்லை. வருடக்கணக்கில் ஆற்றுத் தண்ணீரும் வயல் சேறும் பட்டு முடிச்சு கல்லாகிப் போயிருந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அறுக்கப்பிடாது தம்பி. செத்தவன் இடுப்புலதான் அத அறுப்பாவ" என்றார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றைக்கு வெளியே ஏழெட்டுப் பேர் வேறு காத்திருந்தார்கள். "கயிறு முக்கியமா, காலு முக்கியமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது, காலுக்காகத்தானே வந்திருக்கிறார். நாலு மாதமாக இரண்டு கால்களும் மதமதவென்று மரத்துக் கிடப்பதையும், செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடப்பதையும் அவர் மனைவி சொன்னார். வரப்பில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். சாராய வாடையே அறியாத மனிதரை, பட்டப்பகலில் குடித்துவிட்டு வருகிறார் என்று ஊர் பேச ஆரம்பித்து, வேலைக்குக் கூப்பிடுவதும் நின்றுவிட்டதாம்.

வழி கண்டுபிடித்தது அந்த அம்மாதான். "புதுசக் கட்டிட்டுப் பழச எடுத்தா ஒண்ணும் இல்லல்லா" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக் கடைக்கு ஓடி ஒரு கறுப்புக் கயிறு வாங்கி வந்தார். இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. புதியதைக் கட்டி முடித்த பிறகுதான் பழையதில் கத்தரி வைக்க என்னை விட்டார். அறுக்கும்போது கணவர் கண்ணை மூடிக்கொண்டார். தாயத்தை அந்த அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார்.

டாக்டர் சீட்டில் முதுகெலும்பின் அடிப்பகுதிக்குத்தான் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் அதைக் குறுக்கு என்போம். குறுக்கு வலிக்கிறது, கால் மதமதக்கிறது என்று ஒருவர் சொன்னால், அங்கேதான் முதலில் பார்க்கச் சொல்வார்கள். அவரைப் படுக்க வைத்து, காதில் பஞ்சு அடைத்து, ஏதாவது வேண்டுமென்றால் அழுத்தச் சொல்லிக் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து உள்ளே தள்ளினேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை, மணி அடித்தது.

"கயிறு இறுக்குது தம்பி."

வெளியே இழுத்து முடிச்சைத் தளர்த்தினேன். மறுபடி உள்ளே. மறுபடி மணி. இந்த முறை இடுப்பிலிருந்து நழுவி விழும் அளவுக்குத் தளர்த்தினேன். மூன்றாம் முறையும் அதே குரல், அதே புகார். குகை மாதிரி இருக்கும் அந்த இயந்திரத்துக்குள் பயந்து ஆளுக்கொரு சாக்குச் சொல்வார்கள். நெஞ்சு அடைக்கிறது என்பார்கள், மூக்கு அரிக்கிறது என்பார்கள். இதுவும் அந்த ரகம் என்று முடிவு செய்தேன். கொஞ்சம் பொறுங்கள் என்று அதட்டி, எடுத்து முடித்தேன். படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐம்பது வயதுவரை வயலில் குனிந்து நிமிர்ந்த யாருக்கும் இருக்கும் தேய்மானம். அறிக்கையில் அதைத்தான் எழுதுவார்கள். மாத்திரையும் ஒரு பெல்ட்டும் வாங்கிக்கொண்டு சீவலப்பேரி பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

கைகொடுத்து எழுப்பி உட்கார வைத்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "புதுக்கயிறு மேல குத்தம் இல்ல தம்பி. பழசும் இப்படித்தான் இறுக்கிக்கிட்டு கெடந்துச்சு. ரெண்டு மாசமா. வயிறுதான் பெருத்துட்டோன்னு நெனச்சேன்."

"எங்கன இறுக்குது? காட்டுங்க" என்றேன்.

தொப்புளுக்கு ஒரு சாண் மேலே, விலா எலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, முதுகுவரை ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். கயிறு கீழே எங்கேயோ இடுப்பெலும்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இத டாக்டர்ட்ட சொல்லலியா?"

"அரணாக்கயிறு இறுக்குதுன்னு டாக்டர்ட்ட போயி எவனாவது சொல்லுவானா தம்பி?"

தண்டுவடம் நெஞ்சுப் பகுதியில் நசுங்கினால், அந்த மட்டத்தில் கயிற்றால் கட்டியதுபோல் இறுக்கும் என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதையே ஒரு மனிதர் மூன்று முறை மணியடித்துச் சொல்ல, நான் முடிச்சைத் தளர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் இப்போதும் எனக்குப் போகவில்லை.

படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டரம்மா பக்கத்து அறையில் இருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் எழுந்து வந்து, ஒரு பல்குத்தும் குச்சியால் அந்தக் கூலிக்காரரின் பாதத்திலிருந்து மேல்நோக்கி மெல்லக் குத்திக்கொண்டே வந்தார். "நல்லாக் குத்துத இடம் வந்ததும் சொல்லுங்க" என்றார். கால், தொடை, அடிவயிறு எல்லாம் தாண்டும்வரை குத்துவதாக அவர் சொல்லவில்லை. கை வைத்துக் காட்டிய அதே இடம் வந்ததும் "ஆங், இப்ப குத்துது" என்றார். சீட்டு எழுதிய டாக்டருக்குப் போன் பேசிவிட்டு, நெஞ்சுப் பகுதியையும் எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா.

திரையில் அது தெளிவாகத் தெரிந்தது. மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி, தண்டுவடத்தை ஒரு பக்கமாக நெருக்கித் தட்டையாக்கி வைத்திருந்தது. டாக்டரம்மா நீண்ட நேரம் பார்த்தார். "தண்டுக்கு வெளியதான் இருக்கு. எடுத்திரலாம். இன்னும் ஒரு மாசம் போயிருந்தா இவரு எந்திரிச்சிருக்க மாட்டாரு" என்றார். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. ஆபத்தில்லாத கட்டி என்று பரிசோதனையில் வந்தது. ஆனால் கால் திரும்ப வருமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

இப்போது எங்களிடம் புது இயந்திரம் இருக்கிறது. சத்தம் குறைவு, நேரம் பாதி, படம் கண்ணாடி மாதிரி. ஆனாலும் எங்கே பார்க்கச் சொல்கிறோமோ அங்கேதான் பார்க்கிறது. அதனால் படுக்க வைப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் எங்கே, எப்படி, எப்போதிலிருந்து என்று கேட்கிறேன். "அண்ணாச்சி ஸ்கேன் எடுக்காவளா, பொண்ணு பாக்க வந்துருக்காவளா?" என்று கூட வேலை பார்க்கும் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். எனக்கும் அவசரமும் கோபமும் போய்விடவில்லை. வாயை அடக்கிக்கொண்டு கேட்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் கழித்து, திரும்பவும் ஒரு படம் எடுத்துப் பார்க்க அந்தச் சீவலப்பேரிக்காரரை வரச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே பட்டியலில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டேன். எப்படி வருவாரோ என்று தெரியவில்லை. தள்ளு நாற்காலி ஒன்றை வாசல் ஓரமாகக் கொண்டுவந்து வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு அந்த அம்மா மட்டும் தனியாக வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, மூச்சு வாங்கியது.

"எங்க வீட்டுக்காரவிய இங்கன வந்தாவளா தம்பி?" என்றார். "பஸ்ஸ விட்டு எறங்குனதுதான் தெரியும். பைய போங்க, பைய போங்கன்னு கத்துதேன், காதுலயே வாங்காம விறுவிறுன்னு முன்னால போயிட்டாவ. என்னால அவியகூட நடந்து சேர முடியல."

உள்ளே எட்டிப் பார்த்தேன். நான் பார்க்காத நேரத்தில் என்னைத் தாண்டிப் போய், மூன்றாவது ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு அந்தப் பெஞ்சைக் கைகாட்டினேன். பிறகு வாசலில் கிடந்த தள்ளு நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.