லாரிக்கு அடியில் இரண்டு கால்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பிணத்தைப் பார்த்தேன். அதாவது... பிணம் என்று நான் முடிவு செய்த ஒன்றை.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எதிரே காலி மனை. லோடுக்குக் காத்திருக்கும் லாரி ஒன்றாவது அதில் எப்போதும் நிற்கும். நான் மாடியில் துணிக்கொடியில் இருந்த கிளிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஆயுள் முழுக்க கணக்குத் தணிக்கை வேலை பார்த்தவனுக்கு வேறு என்ன வியாதி வரும்? ஒரு கிளிப் குறைந்தது. எட்டிக் கீழே பார்த்தேன். கிளிப் இல்லை. லாரியின் பின்சக்கரத்துக்கு அருகில் இரண்டு கால்கள். மீதி ஆள் லாரிக்கு அடியில்!

ஒரு ஈ வந்து கட்டைவிரலில் உட்கார்ந்தது. கால் அசையவில்லை. இன்னொரு ஈ. அசையவில்லை. பதினொரு ஈ வரைக்கும் பொறுத்தேன். பிறகு 108-ஐ அழுத்தினேன்.

எடுத்தது ஒரு பெண். ஆளின் மேல் லாரி ஏறிவிட்டது என்று அலறினேன்.

"பதறாதீங்க சார். எந்த ஊர், எந்தத் தெரு?"

கதவு எண், வார்டு, பின்கோடு... அத்தனையும் ஒப்பித்தேன்.

"பக்கத்துல ஏதாவது அடையாளம் சொல்லுங்க."

"எதிர்ல லாரி நிக்குதும்மா."

நாமக்கல் மாவட்டத்தில் லாரியை அடையாளம் சொல்வதும் கடற்கரையில் மணலை அடையாளம் சொல்வதும் ஒன்றுதான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டார். ரேஷன் கடைச் சந்து என்றேன்.

"வண்டி கிளம்பிடுச்சு சார். லைன்லயே இருங்க. அவர் மூச்சு விடறாரா?"

"தெரியலையேம்மா. நான் மாடியில இருக்கேன்."

பதறாத அதே குரலில், "கீழ இறங்கிப் போக முடியுமா சார்?"

போனேன். தோளைத் தட்டிக் கூப்பிடச் சொன்னார். தோள் லாரிக்கு அடியில் இருந்தது. எனவே கைக்கு எட்டிய கட்டைவிரலைப் பிடித்து இழுத்தேன்.

"எவன்டா அது!" என்று பிணம் எழுந்தது. எழுந்த வேகத்தில் நெற்றி போய் அச்சில் மோதியது. டங்!

"சார், என்ன சத்தம்?"

"உயிர் வந்துடுச்சும்மா... மண்டை உடைஞ்சிடுச்சு."

ஊர்ந்து வெளியே வந்தவர் செல்வராசு. வடக்கே சரக்கு கொண்டுபோய் வருகிற டிரைவர். கேபினுக்குள் வெயில் தாங்காமல் வண்டி நிழலில் படுத்திருக்கிறார். இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஊருக்கே தெரியும். எதிர்வீட்டில் குடியிருக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும். கையில் போன் வந்ததும் மறந்துவிட்டது.

சத்தம் கேட்டு என் மனைவி சரசு துண்டோடு ஓடிவந்தாள். "ஏனுங்க, இப்பத்தான நம்மூட்ல தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்து படுத்தாரு? தூங்கற மனுசனை இப்படியா எழுப்பறது!"

நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது.

"துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க சார்," என்றது போன். "உங்க பக்கத்துல இருக்கிறது இந்த ஒரு வண்டிதான். இன்னொரு கேஸ் காத்திருக்கு. உங்ககிட்டயே வரணுமா, அங்க திருப்பலாமான்னு நீங்க சொல்றதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். ரத்தம் நிக்குதா?"

இங்கேதான் என் வண்டவாளம். 'ரத்தம் கொட்டுது' என்று சொன்னால் போதும், நான் கூப்பிட்டது நியாயமாகிவிடும். ஆம்புலன்ஸ் வரும், தெரு கூடும், நான் ஓர் உயிரைக் காப்பாற்றியவன் ஆவேன். இல்லையென்றால்? விரலை இழுத்து மண்டையை உடைத்தவன். 'நிறைய...' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எங்கேயோ ஒருவர் இந்த வண்டிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானோ என் மானத்துக்கு அதைப் பிடித்து வைக்கப் பார்க்கிறேன்!

துண்டை எடுத்துப் பார்த்தேன். நின்றிருந்தது.

"நின்னுடுச்சும்மா. சின்னக் காயம்தான். தூங்கினவரை நான்தான் தப்பா..."

"போனை அவர்கிட்ட குடுங்க சார்."

மயக்கம் வருகிறதா, வாந்தி வருகிறதா, இது எந்த ஊர் என்றெல்லாம் அவரிடம் கேட்டிருக்கிறார். செல்வராசு சொன்ன பதில் தெரு முழுக்கக் கேட்டது: "எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி, தூக்கம்தான் போச்சு. வண்டி வந்தா இந்த ஐயாவை ஏத்திட்டுப் போகச் சொல்லுங்க!"

போன் திரும்ப என் கைக்கு வந்தது. வண்டியைத் திருப்பிவிட்டதாக அந்தப் பெண் சொன்னார். டாக்டரிடம் காட்டுங்கள், தலை சுற்றினால் உடனே கூப்பிடுங்கள், இன்று அவர் வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. "உதவணும்னு நினைச்சீங்களே, நல்லது சார். அடுத்த தடவை முதல்ல ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க. எழுந்திருக்கலைன்னா எங்களைக் கூப்பிடுங்க."

திட்டியிருந்தாலே தேவலை.

கரண்ட் எப்போது வரும், கடைசி பஸ் போய்விட்டதா என்று 108-இல் விசாரிப்பவர்களை இதே பத்திரிகைப் பக்கத்தில் எழுதி வறுத்தெடுத்தவன் நான். அவர்களாவது சட்டென்று போனை வைத்துவிடுவார்கள். என்னைப் போன்ற நல்லவர்கள்தான் ஆபத்து. பத்தடி நடந்து பார்க்கச் சோம்பல், மூன்று எண்ணை அழுத்த அவசரம். பேர் மட்டும் பொதுநலம்!

செல்வராசுவை ஆட்டோவில் கிளினிக்குக் கூட்டிப் போகும்போது மெயின் ரோட்டில் ஓர் ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்து பறந்தது. அது கண்ணை விட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

காயம் ஆறிவிட்டது. லாரி மறுபடியும் எதிரே நிற்கிறது. இப்போதெல்லாம் படுப்பதற்கு முன் செல்வராசு எங்கள் மாடியை நோக்கி ஒரு குரல் கொடுக்கிறார்: "ஐயா, தூங்கப் போறேனுங்க... உசுரோடதான் இருக்கேன்!"