காயாத வார்னிஷும் சில வீடுகளும்

மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவனை யாரும் முதலில் கூப்பிடுவதில்லை. தாங்களே போட்டுப் பார்த்துக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் கூப்பிடுவார்கள். எண்பதுகளில் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. புதுச் சாமான் வேலை மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். மற்றதெல்லாம் வீட்டுக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்த மேஜை, பெட்டி, நாற்காலிதான். ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷைக் கையில் எடுத்துத் திங்கட்கிழமை தலையில் கைவைத்து உட்கார்ந்தவர் உங்களில் யாராவது இருந்தால், உங்களுக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது. ஆறுதல் இருக்கிறதா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

மழையில் போட்ட பாலிஷ்

கொடைக்கானலில் டவர் வந்து, எங்கள் பக்கம் டி.வி. தெரிய ஆரம்பித்த புதுசு. சுந்தரம் என்று தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், டி.வி. வைக்கத் தேக்குப் பலகையில் தானே ஒரு பெட்டி செய்திருந்தார். மாப்பிள்ளைக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது என்று அவருடைய மச்சான் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சிரிப்பாராம். தீபாவளிக்கு அவர் வரும்போது காட்டவேண்டும் என்று இரண்டு மாதம் உழைத்திருக்கிறார். கடைசியில் அவசரப்பட்டு, ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த நாளில் அரக்குப் பாலிஷைப் போட்டுவிட்டார். ஈரக்காற்றில் போட்டால் அரக்கு வெளுத்துப்போகும். பெட்டி முழுக்கச் சாம்பலைப் பூசினது மாதிரி இருந்தது. அதை மறைக்கத் தேங்காய் எண்ணெயை வேறு தேய்த்திருந்தார்.

நான் எல்லாவற்றையும் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வெயில் வந்த இரண்டு நாளில் மறுபடி போட்டுக் கொடுத்தேன். "அண்ணே, வெளியாள் கை பட்டுச்சுன்னு யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தீபாவளிக்கு மறுநாள், விட்டுவந்த டப்பாவை எடுக்கப் போனேன். மச்சான் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சுந்தரம், அவர் எப்போது கேட்பார் என்று பெட்டியை ஒட்டியே நின்றுகொண்டிருந்தார். மச்சான் பெட்டியைப் பார்க்கவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தபடி கேட்டார்: "ஏன் மாப்ள, கலர் டி.வி. வாங்க வக்கில்லையா?"

தறி மரத்து நாற்காலி

சின்னாளபட்டியில் ராமையா என்று ஒரு நெசவாளி. மனைவிக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பாயில் கிடக்கிறவள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்துக்கொண்டாவது நெய்யலாம் என்று, பழைய தறி ஒன்றைப் பிரித்து அந்த மரத்தில் கைவைத்த நாற்காலி செய்தார். நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. மேலே அடித்த வார்னிஷ்தான் மூன்று வாரமாகியும் காயவில்லை. வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த மரத்தின் மேல் வார்னிஷ் எங்கே காயும்? போதாததற்கு அதில் மண்ணெண்ணெயும் கலந்திருந்தார். நான் போனபோது அந்த அம்மாள் அதில்தான் உட்கார்ந்திருந்தார். ராமையா தூக்கினார், சுங்குடிச் சேலை பலகையோடு ஒட்டிக்கொண்டு டர்ரென்று கிழிந்தது. அதைச் சரி செய்துகொள்ளக்கூட அந்த அம்மாளால் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. நான் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

எட்டு நாள் வேலை. சுரண்டி, சாக்பீஸ் தூளைப் போட்டு எண்ணெயை உறிஞ்ச வைத்து, மிச்சம் மேலே வராமல் அரக்கால் அடைத்து, அதன்மேல் கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து எட்டிப் பார்த்தால், நாற்காலிக் கைகளில் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது. அந்த அம்மாள் பழையபடி பாயில். நான் கேட்பதற்கு முன்னாலேயே ராமையா தறியிலிருந்து நிமிராமல் சொன்னார்: "ஒட்டுனப்ப செத்த நேரம் உக்காந்தாவது இருந்தா அப்பு. இப்ப அந்த ஒத்தக் கையும் புடிமானம் இல்லாம வழுக்கிக்கிட்டே போகுது."

ஒரே படம்

நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு தோப்புக்காரர், துண்டில் எதையோ சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எட்டாவது படித்த மகள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இருந்தது ஒரே படம். கடையில் சட்டம் போடக் கொடுக்க மனம் வராமல், தோப்பில் விழுந்த பலாமரத்தில் தானே சட்டம் செய்து, படத்தையும் கண்ணாடியையும் மாட்டி, அதற்குப் பிறகு தாராளமாக வார்னிஷ் அடித்திருக்கிறார். வார்னிஷ் கண்ணாடிக்கு அடியில் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது.

சட்டத்தைச் சரி செய்வேன், படத்துக்கு என்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றேன். பார்க்கச் சொன்னார். டர்பன்டைனைப் பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து நூலளவு நூலளவாகப் படத்தைப் பிரித்துக்கொண்டு வந்தேன். காலையில் ஆரம்பித்தது, மத்தியானம் தாண்டிவிட்டது. அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ரிப்பன் வந்தது, நெற்றி வந்தது. கன்னத்துக்கு வந்தபோது பிய்ந்துவிட்டது. ஒரு கன்னமும் வாயும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "கண்ணு ரெண்டும் இருக்குதுங்களே. நீங்க வெசனப்படாதீங்க."

துடைத்த கை

கடைசியில் என் குற்றம். இதுவரைக்கும் மற்றவர்கள் கெடுத்ததைச் சொன்னேன்.

டவுனில் ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர் ஒருவர், சாப்பாட்டு மேஜை ஒன்று செய்து, காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஈர வார்னிஷ் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டார். ஐந்து விரலும் அப்படியே பதிந்துவிட்டன. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது நாலு வருஷம் ஓடி, அவரும் மாரடைப்பில் போய்விட்டார். முதல் வருஷத் திவசத்துக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று, மெட்ராஸில் வேலை பார்க்கும் மகன் என்னைக் கூப்பிட்டார். அம்மா பழனியில் மகள் வீட்டில் இருந்தார். "அந்தக் கறைய மட்டும் எடுத்துருங்க, பாக்கவே அசிங்கமா இருக்கு" என்றார் மகன். உப்புத்தாளை வைத்து ஒரு மணி நேரத்தில் தேய்த்து எடுத்தேன். சுற்றியிருந்த நிறத்தோடு இழைத்துப் பாலிஷ் போட்டேன். என் வேலையில் அப்படி ஒன்று அமைந்ததில்லை. கை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

அதைக் காட்டிக்கொள்ளத்தான் அந்த அம்மாள் வருகிற நாளில் நானும் போய் நின்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு நேரே மேஜைக்கு வந்தார். தன் கையை ஓரமாக ஓரிடத்தில் வைத்தார். எடுத்தார். அரை சாண் தள்ளி வைத்தார். பிறகு இன்னொரு பக்கம். மகன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் கோபப்படவில்லை; வழி கேட்கிற மாதிரி என்னைத்தான் கேட்டார்: "தம்பி, அவரு கை எங்கிட்டு இருந்துச்சுன்னு நீங்களாவது சொல்லுங்களேன்?"

இத்தனை வீட்டு மரத்தைச் சரி செய்த என் வீட்டு வாசற்கதவு மட்டும் இன்றுவரை பாலிஷ் காணாத வெறும் மரமாகவே நிற்கிறது, கேட்கிறவர்களிடம் நேரமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.